இஃப்டா ஸ்டிக்கர் இருந்தால் போதுமா? ஒன்ராறியோவிலிருந்து நியூ ஜெர்சி ஓட்டம்

புதுவண்டிக்காரன்:
அண்ணைமார், இதுவரை கம்பனி ட்ரக்தான் ஓடினேன். இப்போது சொந்தமாக ஒன்று எடுத்திருக்கிறேன். ஒன்ராறியோ பிளேட், பதிந்த எடை 80,000 இறாத்தல். அடுத்த மாதம் பஃபலோ வழியாக நியூ ஜெர்சிக்கு முதல் லோட். சிவிஓஆர் (ஒன்ராறியோவின் பாரவண்டிப் பதிவு), டொட் நம்பர் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எண்), இஃப்டா (எரிபொருள் வரி உடன்படிக்கை) ஸ்டிக்கர் எல்லாம் கையில் இருக்கு. லோட் தருபவர் "2290 எங்கே?" என்கிறார். அது அமெரிக்க வண்டிகளுக்கான வரிதானே?

நெடுந்தூரன்:
இல்லைத் தம்பி, எங்களுக்கும் உண்டு. இஃப்டா டீசல் வரிக்கு. 2290 பாரவண்டி அமெரிக்கச் சாலையில் ஓடுவதற்கான வரிப் படிவம். 55,000 இறாத்தலும் அதற்கு மேலும் என்றால் ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித் துறை) கட்ட வேண்டும். வரி ஆண்டு யூலை 1 தொடங்கி யூன் 30 வரை. உங்கள் எடைக்கு முழு ஆண்டு வரி 550 டொலர், கனடாவில் பதிந்த வண்டிக்கு 412.50. இடையில் தொடங்கினால் மிச்ச மாதங்களுக்குத்தான். முதலில் ஓடிய மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு 5,000 மைலுக்குள்தான் ஓடுவீர்கள் என்றால் வரி இல்லை, ஆனால் படிவம் கட்டாயம்.

இதற்கு ஈஐஎன் நம்பர் (ஐஆர்எஸ் தரும் தொழில் அடையாள எண்) வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதை இணையத்தில் எடுக்க முடியாது, தொலைபேசியில் எடுக்கலாம். அதனால் இந்த அலுவலை இன்றைக்கே தொடங்குங்கள். முத்திரை விழுந்த ஷெடியூல் 1 (2290 அனுப்பியதற்கான சான்று) வந்ததும் ஒரு பிரதி எப்போதும் வண்டியில் இருக்கட்டும், எல்லையில் கேட்பார்கள்.

கணக்கர்:
யுசிஆரை (அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடுபவர்களுக்கான பதிவு) மறக்க வேண்டாம். கனடியர்களும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அப்புறம், ஓடாத காலாண்டுக்கும் இஃப்டா கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். டீசல் ரசீதுகளை நான்கு வருடம் வைத்திருங்கள்.

புதுவண்டிக்காரன்:
நன்றி அண்ணை. நியூ யோர்க்குக்குத் தனியாக ஏதும் உண்டா?

நெடுந்தூரன்:
உண்டு, பலர் தவறவிடுவது இதைத்தான். 18,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வண்டிக்கு எச்யுடி (நியூ யோர்க்கின் நெடுஞ்சாலைப் பயன்பாட்டு வரி) சான்றிதழும் ஸ்டிக்கரும் எடுக்க வேண்டும். த்ரூவேயில் (நியூ யோர்க்கின் டோல் நெடுஞ்சாலை) டோல் கட்டி ஓடும் மைல்கள் அந்த வரிக் கணக்கில் வராது. சிரக்கியூஸில் இறங்கி 81ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பென்சில்வேனியா எல்லை வரைக்குமான மைல்கள் கணக்கில் வரும். ஆகவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நாளைக்குக் கனெக்டிகட் வழியாக ஒரு லோட் எடுத்தால் அங்கும் 2023 முதல் இப்படி ஒரு கட்டணம் உண்டு. கென்டக்கி, நியூ மெக்சிகோ, ஒரிகன் பக்கம் போகும்போது இங்கே கேளுங்கள், அங்கங்கே வேறு விதி.