காற்றாடி மின்சாரம்: டைனமோ வாங்கும் முன் காற்றைப் பாருங்கள்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

வீட்டிலேயே காற்றாடி செய்து நாலு விளக்கு எரிக்க முடியுமா என்று நம் குழுவில் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த மடல்கள் எல்லாம் எந்த டைனமோ வாங்குவது, எத்தனை காந்தம் ஒட்டுவது என்றே போய்க்கொண்டிருக்கின்றன. நான் இரண்டு காற்றாடி செய்தவன். முதலாவது உடைந்து போயிற்று, இரண்டாவது இன்றும் ஓடுகிறது. டைனமோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காற்றைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் என் கவலை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் கிடைக்கும் சக்தி எட்டு மடங்காகும். கணக்கு வேகத்தின் மும்மடியில் போகிறது. இறக்கைச் சக்கரத்தின் விட்டம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். காற்று நொடிக்கு 3 மீட்டர் வீசினால் நம் கைவேலைக் காற்றாடி தருவது 4 அல்லது 5 வாட். 6 மீட்டர் வீசினால் ஏறக்குறைய 36 வாட். காற்றில் இருப்பதில் கால் பங்கு நம் கைக்கு வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் நூறு வருடத்துக்கு முன்பே நிறுவிவிட்டார். வீட்டில் செய்ததற்குக் கால் பங்கு கிடைத்தாலே நல்ல வேலை. விட்டத்தை இரட்டித்து 2.4 மீட்டர் ஆக்கினால் மின்சாரம் நாலு மடங்காகும், ஆனால் கம்பத்தின் மேல் விழும் பாரமும் அதே அளவு கூடும். முதல் முறை செய்கிறவர்கள் 1.2 மீட்டரோடு நிற்பது நல்லது.

ஆகவே முதல் வேலை, ஒரு மாதம் காற்றைக் கவனிப்பது. கருவி இல்லாவிட்டாலும் மரம் சொல்லும். இலை சலசலத்து, முகத்தில் காற்று பட்டால் நொடிக்கு 2, 3 மீட்டர். அந்தக் காற்றுக்குக் காற்றாடி செய்து பயனில்லை. இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 4, 5 மீட்டர். சின்னக் கிளை ஆடி, தூசியும் காகிதமும் பறந்தால் 6 முதல் 8 வரை. காலை, மாலை, இரவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதத்தில் பாதி நாளாவது குச்சிகள் ஆடவில்லை என்றால் பேசாமல் சூரியத் தகடு வாங்குங்கள். அதே செலவில் கூடுதல் மின்சாரம் வரும், தேய்கிற சாமானும் அதில் இல்லை. வெயில் குறைந்து காற்று கூடும் பருவம் உள்ள இடத்தில்தான் காற்றாடி தன் அருமையைக் காட்டும். தகடு தூங்கும் இரவிலும் அது உழைக்கும்.

அடுத்தது உயரம். என் முதல் காற்றாடியை வீட்டு மாடியில் சுவரோடு சேர்த்துப் பொருத்தினேன். கட்டடத்தில் மோதிச் சுழித்து வரும் காற்றில் அது திசை தேடித் தேடி அலைந்ததே தவிர ஒழுங்காகச் சுற்றவில்லை. அதன் அதிர்வு சுவர் வழியே இறங்கி, படுக்கை அறையில் யாரையும் தூங்கவிடவில்லை. மாடி வேண்டவே வேண்டாம். சுற்றிலும் நூறு மீட்டர் தூரத்துக்குள் எது உயரமோ, அது மரமோ வீடோ, அதற்கும் மேலே 8, 10 மீட்டர் இருக்க வேண்டும் காற்றாடி. தனிக் கம்பம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, அடியில் கீல். கம்பத்தைச் சாய்த்து இறக்கித் தரையில் நின்றே பழுது பார்க்கலாம், யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. மலாவி நாட்டில் வில்லியம் காம்குவாம்பா என்ற பையன், 2001 பஞ்சத்துக்குப் பின் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் வீட்டில் இருந்தபோது, நூலகப் புத்தகத்தைப் பார்த்து, டிராக்டர் விசிறியும் சைக்கிள் சட்டமும் சைக்கிள் டைனமோவும் கொண்டு காற்றாடி செய்து வீட்டில் விளக்கு எரித்தார். அவரும் பிறகு கோபுரத்தை மரங்களுக்கு மேலே உயர்த்தத்தான் வேண்டியிருந்தது.

இனி டைனமோ. கார் ஆல்டர்னேட்டர் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடினால்தான் பேட்டரிக்கு மின்சாரம் தரும், அதன் காந்தப்புலத்தை எழுப்பவே தனியாக மின்சாரமும் கேட்கும். நம் 1.2 மீட்டர் சக்கரம் மிதமான காற்றில் 300 சுற்றுதான் ஓடும். பற்சக்கரம் வைத்து வேகம் கூட்டினால் கிடைக்கும் கொஞ்சத்தையும் பற்சக்கரம் தின்றுவிடும். நிலைக்காந்தம் உள்ள டிசி மோட்டார் ஒன்றைத் தேடுங்கள். ஓட்டப்பயிற்சி இயந்திரத்தில் இருப்பது நல்லது. அதன் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டைச் சுற்றால் வகுத்து 300-ஆல் பெருக்குங்கள். 180 வோல்ட், 4000 சுற்று என்றிருந்தால் 13.5 வருகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கு இது பொருந்தும். இடையில், மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும் டயோடு ஒன்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காற்றில்லாத நேரத்தில் பேட்டரி உங்கள் காற்றாடியை மின்விசிறியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கைவேலை பழகியவர்கள் டைனமோவையே செய்துகொள்ளலாம். ஸ்காட்லாந்தில் சாலை போகாத ஸ்கோரைக் என்ற இடத்தில் வாழும் ஹியூ பிகட் பரப்பிய முறை இது. இரண்டு இரும்புத் தட்டுகளில் நியோடைமியம் என்ற மிக வலுவான காந்தங்கள், நடுவே இறுகும் பசையான ரெசினில் வார்த்த செம்புச் சுருள்கள். தட்டுக்கு 12 காந்தம், 9 சுருள் என்பது பலரும் செய்யும் அளவு. என் இரண்டாவது காற்றாடி இந்த முறையில் செய்தது. காந்தங்களைக் கையாளும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும், தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் விரல் நசுங்கிவிடும்.

இறக்கை மூன்று போதும். 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் 17 மீட்டர் சக்கரத்தில் 144 இறக்கை வைத்தார், கிடைத்தது 12 கிலோவாட். டென்மார்க்கில் பால் லா கூர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, இறக்கை குறைந்து வேகம் கூடினால்தான் மின்சாரத்துக்கு நல்லது என்று கண்டார். பிவிசி குழாயை அறுத்து ஒரு நாளில் இறக்கை செய்துவிடலாம், ஆனால் வெயில் பட்டுப் பட்டு அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மரத்தில் செதுக்கி எண்ணெய் பூசியது நெடுநாள் நிற்கும். மூன்றும் ஒரே எடையில் இருக்கட்டும்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவது. மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பேட்டரி போன்ற சுமை இல்லாமல் காற்றாடியை ஒரு நொடியும் விடாதீர்கள். என் முதல் காற்றாடி, மாடியிலிருந்து இறக்கித் தனிக் கம்பத்தில் ஏற்றிய பிறகு, ஒரு புயல் இரவில் கம்பத்தடி இணைப்புக் கம்பி கழன்றுகொண்டது. மின்சாரம் போக வழியில்லை என்றதும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. முனகல் போல இருந்த சத்தம் ஊளையாகி, பிறகு கதறலாகிவிட்டது. பக்கத்தில் போக முடியவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் ஒரு இறக்கை நாற்பது அடி தள்ளி மண்ணில் குத்தி நின்றது. பகலில் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிதான் கண்ட்ரோலர். சூரியத் தகட்டுக்கான சாதாரண கண்ட்ரோலரைக் காற்றாடிக்கு மாட்டினால் இதே ஆபத்துதான். பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிடும், சக்கரம் தறிகெட்டு ஓடும், வோல்ட் ஏறிக் கண்ட்ரோலரும் கருகும். காற்றாடிக்கு வேண்டியது, பேட்டரி நிறைந்தபின் மிச்ச மின்சாரத்தை ஒரு சூடேற்றும் கம்பிச்சுருளுக்குத் திருப்பிவிடும் கண்ட்ரோலர். அதோடு கம்பத்தடியில் ஒரு கனமான சுவிட்ச் வையுங்கள். டைனமோவிலிருந்து வரும் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடும் சுவிட்ச். சேர்த்தால் சக்கரம் பிரேக் பிடித்தது போல மெல்ல ஊர்ந்து நிற்கும். புயல் அடிக்கத் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். வால் துடுப்பைச் சாய்வான கீலில் மாட்டி, காற்றாடி திசை திரும்பும் அச்சிலிருந்து சக்கரத்தைச் சற்று ஒதுக்கி வைத்தால், காற்று மிஞ்சும்போது சக்கரம் தானே முகம் திருப்பிக்கொள்ளும். இது இல்லாமல் 1.2 மீட்டர்கூட ஏற்ற வேண்டாம்.

கம்பி பற்றி ஒன்று. கம்பத்துக்கும் பேட்டரிக்கும் 30 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வைப்போம். 12 வோல்ட்டில் 100 வாட் அனுப்பினால் வழியிலேயே 3 வோல்ட்டுக்கு மேல் தொலையும். 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 1 வோல்ட்கூட இல்லை. தூரம் கூடினால் வோல்ட்டைக் கூட்டுங்கள்.

தம்பி கேட்ட நாலு விளக்குக்கு வருகிறேன். 9 வாட் எல்இடி நாலு, மாலையில் ஐந்து மணி நேரம் என்றால் நாளுக்கு 180 வாட்மணி. பகலும் இரவும் சேர்த்துச் சராசரியாக 10 வாட் வந்தால் 240. பேட்டரியில் வீணாவது போக, சரியாக இருக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் காற்றில்லாத மூன்று நாள் தாங்கும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும்.

தம்பி, ஒரு மாதம் மரத்தைப் பார்த்துக் குறித்த நோட்டின் படத்தைக் குழுவுக்கு அனுப்புங்கள். பக்கத்தில் உள்ள மரம், வீடு எல்லாவற்றின் உயரத்தையும் எழுதுங்கள். சுருளுக்கு எத்தனை சுற்று, எந்தத் தடிமன் கம்பி என்பதை அதைப் பார்த்து நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதுவரை காந்தம் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்