ஸ்கர்மிஷருக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனுப்பியவர்: அறுகோணம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வெஸ்னாத் என்னும் கணினிப் போர் ஆட்டத்தின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓரளவு முடிந்தது. ஒரே ஒரு சொல்லில் நின்றுபோயிருக்கிறது.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 2003 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் ஆட்டம். பலகை முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒருவர் முறை முடிந்த பிறகு அடுத்தவர் முறை. ஒரு படை நின்றால் அதைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் அதன் பிடியில் இருக்கும். எதிரி அதில் கால் வைத்த உடனே அந்த முறைக்கு அவன் நடை தீர்ந்தது. இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாகக் கிடந்தாலும் அந்த இடைவெளியில் ஒரே முறையில் யாரும் கடந்து போக முடியாது. சில படைகளுக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது. அந்தத் திறனின் பெயர்தான் ஸ்கர்மிஷர்.

சிக்கல் என்னவென்றால், இதே சொல் பல்லி இனப் படை ஒன்றின் பெயரிலும் வருகிறது: ஸாரியன் ஸ்கர்மிஷர். ஆனால் அந்தப் படைக்கு இந்தத் திறன் இல்லை! அது வேகமாக ஓடும், தொட்டால் விழும், அவ்வளவுதான். ஆக எனக்கு இரண்டு சொல் வேண்டும். திறனுக்கு ஒன்று; வேகமும் மெலிவும் சேர்ந்த படைகளுக்குப் பொதுவாக ஒன்று. திறனின் பெயர் ஓரப் பட்டையில் வருவதால் நீளமாக இருக்கக் கூடாது. கோப்பில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் தனித்தனி வரி வேறு கேட்கிறது.

இப்போதைக்கு ‘ஊடுருவி’ என்று போட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: ஏட்டுச்சுவடி

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள்.

விரைவுக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்று தொல்காப்பியத்தின் உரியியலில் நூற்பாவே இருக்கிறது. துனைபடை என்று வையுங்கள். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. துனைப்படை என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

அது வேண்டாம் என்றால் தூசிப்படை. முன்னே பாய்ந்து செல்லும் படைக்குப் பழைய பெயர் அது. ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் தார் என்பதைத் தூசி என்றே கொள்கிறார். ஆயிரம் ஆண்டு வழக்குள்ள சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

‘கடி’யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடி என்றால் விரைவு, கடி என்றால் காவலும். கடிமதில், கடிமரம் எல்லாம் காவல்தான். ஒரே சொல் ஓடுகிறவனையும் குறிக்கிறது, அவனைத் தடுக்கிறவனையும் குறிக்கிறது. உங்கள் ஆட்டத்தில் மோதுவதும் இந்த இரண்டும்தானே? தடுக்கும் ஆறு கட்டங்களைக் கடிநிலம் என்றும், தடைபடாமல் ஓடுவதைக் கடிநடை என்றும் வைத்தால் ஒரு வேரிலிருந்து இரண்டு கிளை கிடைக்கும்.

அனுப்பியவர்: கரும்பலகை

ஐயா, மன்னிக்க வேண்டும். மாணவர்களிடம் ‘தூசிப்படை’ என்று சொன்னால் புழுதிதான் அவர்கள் நினைவுக்கு வரும். ‘கடி’ என்றால் பல்தான். இரண்டையும் விளக்கிவிட்டு ஆட்டத்துக்கு வர வகுப்பு முடிந்துவிடும்.

சொல்லைப் பார்த்த உடனே பாதியாவது விளங்க வேண்டும்; மீதியை ஆட்டம் சொல்லிக்கொடுக்கும். துனை அந்தப் பாதியைக்கூடத் தராது. என் வாக்கு விரைபடைக்கு. அதுவும் வினைத்தொகைதான், இலக்கணமும் கெடவில்லை.

அனுப்பியவர்: இரவாட்டம்

இந்த ஆட்டத்தை நெடுங்காலமாக ஆடிவருகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பெயர் வைப்பதற்கு முன் அந்தப் படை களத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தூசிப்படை சரிவராததற்குப் புழுதி மட்டும் காரணமில்லை. இந்தப் படைகளை முன்னணியில் நிறுத்தினால் அடுத்த முறை அவை இருக்காது. ஃபென்சர் என்ற வாள்வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆடும் பதிப்பில் அதன் உயிர்ப்புள்ளி 28தான். வெட்டவெளியில் நின்றாலும் எதிரியின் அடி படும் வாய்ப்பு 40 விழுக்காடு. ஊருக்குள்ளோ காட்டுக்குள்ளோ நின்றால் 30. இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அடி பட்டுவிட்டால் வாள்வெட்டுக்கு 30 விழுக்காடு கூடுதல் சேதம். அதைவிட மோசம், மந்திரத் தாக்குதலுக்கு இடம் பொருட்டில்லை. எங்கே நின்றாலும் 70 விழுக்காடு படும். பகலில் ஒரு மந்திரவாதி ஓர் அடிக்கு 9 வீதம் மூன்று அடி அடிப்பார். மூன்றும் பட்டால் 27. மிச்சம் ஒரே ஒரு புள்ளி. பக்கத்தில் நிற்கும் இன்னொருவரின் ஓர் அடி பட்டாலே கதை முடிந்தது.

அப்படியானால் இவற்றின் வேலை என்ன? இடைவெளியில் புகுந்து பின்னால் போவது. அடிபட்டுக் குணமாகப் பின்வாங்கும் எதிரியின் வழியை மறித்து நிற்பது. காவல் இல்லாத ஊரைப் பிடிப்பது. ஊரை மீட்க எதிரி ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினால் முன்னணியில் ஒரு ஆள் குறைந்தது. எனக்குப் பிடித்தது முதுகுக்குத்து. திருடன் ஓர் அடிக்கு 4 வீதம் மூன்று அடி அடிப்பான். குத்துப்படுபவனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நம் ஆள் ஒருவர் நின்றால் 4 என்பது 8 ஆகும், இரவானால் 10. ஆனால் எதிரி வரிசையைத் தாண்டி அந்த எதிர்ப்பக்கத்துக்கு யார் போவது? திருடனுக்கு அந்தத் திறன் இல்லை. அவனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் ரோக் போவான். அவன் போய் நின்றதும், இந்தப் பக்கம் பயனில்லாமல் நின்ற திருடன் வரிசையையே உடைக்கிறான். இருட்டில் இதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எதிரி மறுபடி தலைதூக்க நேரம் பிடிக்கும்.

அதனால் வேகத்தைச் சொல்லும் பெயர் வேண்டாம். குதிரைவீரனும் வேகம்தான், எட்டுக் கட்டம் போவான். ஆனால் எதிரியின் பிடியில் கால் வைத்ததும் நின்றுவிடுவான். ‘நழுவி’ என்று வைக்கலாமா?

அனுப்பியவர்: பின்னல்

> ‘நழுவி’ என்று வைக்கலாமா?

நழுவுவது என்றால் தப்பிப்பது. பொறுப்பிலிருந்து நழுவினான் என்கிறோம். நீங்களே விளக்கியதைப் பார்த்தால் இந்தப் படை தப்பிக்கப் போகவில்லை, உள்ளே போகிறது.

இன்னொன்று. இகர ஈற்றில் முடிந்தால் கருவியின் பெயர் போல ஆகிவிடும். உலாவி, வருடி வரிசையில் ஊடுருவி, நழுவி என்று சேர்த்தால் அது மென்பொருளா ஆளா என்று தெரியாது.

அனுப்பியவர்: ஏட்டுச்சுவடி

நாடோடி, கூத்தாடி, வழிகாட்டி எல்லாம் கருவிகளா? இகர ஈறு ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். அதை வைத்துச் சொல்லைத் தள்ள வேண்டாம்.

இரவாட்டத்தின் மடலைப் படித்த பிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு ஈரேழ் துறை சொல்லும் இடத்தில் ‘புடைகெடப் போகிய செலவே’ என்று ஒரு துறை வருகிறது. ஆநிரை கவரப் போகிறவர்கள், பக்கத்தில் உள்ளவர் அறியாதபடி போகும் போக்கு. புடை என்றால் பக்கம். உங்கள் ஆறு கட்டங்களும் ஒரு படையின் புடைதான். அந்தப் புடை கெடும்படி, பயனற்றுப் போகும்படி செல்வது புடைகெடுசெலவு. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? ஊரைக் கொள்வது, எதிரியைத் திசைதிருப்புவது எல்லாமே வெட்சியார் வேலைதான்.

அடுத்த வரியையும் பாருங்கள். ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே.’ வேய் என்றால் உளவு. முன்னே போய்ப் பார்த்துவரும் படைகளுக்கு ‘வேயர்’ என்றே வைத்துவிடலாம்.

அனுப்பியவர்: இரவாட்டம்

ஐயா, புடை என்ற சொல் இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ‘அறியாதபடி’ என்பதுதான் இடிக்கிறது. இந்தத் திறன் உள்ளவன் மறைந்து போவதில்லை. எதிரி கண் முன்னே, அவன் மூக்கை உரசிக்கொண்டு போகிறான். அவனைப் பிடித்து நிறுத்த முடியாது, அவ்வளவே. மறைந்து போவது வேறு திறன். காட்டுக்குள் மறைவதும் இரவில் மறைவதும் இந்த ஆட்டத்தில் தனித்தனியாக இருக்கின்றன. நிழல் என்ற ஆவிப்படைக்கு இரவில் மறையும் திறனும் உண்டு, ஸ்கர்மிஷரும் உண்டு. ஒரே படைக்குக் கீழே இரண்டும் அடுத்தடுத்து வரும்போது இரண்டு பெயரும் ஒளிந்துபோவதையே சொன்னால் ஆடுகிறவர் குழம்பிப்போவார்.

இதே காரணத்துக்காக ஊடுருவியும் எனக்கு ஒப்பவில்லை. ஊடுருவல் என்றாலே கள்ளத்தனமாக நுழைவது என்றாகிவிட்டது.

அனுப்பியவர்: கரும்பலகை

ஆவிக்கும் இந்தத் திறன் உண்டு என்றால் ‘வீரர்’, ‘ஆளர்’ எதுவுமே ஒட்டாது. ஆளுக்குப் பெயர் தேடாமல் செயலுக்குப் பெயர் வைத்தால் என்ன? பால் சிக்கலும் தீரும். இரண்டு வரியிலும் ஒரே சொல்லைப் போடலாம்.

இடைநுழைவு. இரண்டு பேருக்கு இடையில் நுழைவது. கள்ளத்தனம் இல்லை, தப்பிப்பதும் இல்லை.

அனுப்பியவர்: ஏட்டுச்சுவடி

இடைநுழைவு நல்ல சொல்தான். ‘நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை’ என்பது உரியியல். நுழைவு என்பதற்குள்ளேயே நுண்மை இருக்கிறது. உடல் மெலிந்த படைக்கு அது கூடுதல் பொருத்தம். இதைக் கரும்பலகை நினைத்துச் சொன்னாரா தெரியவில்லை, சொல் தானாகவே அங்கே போய் நிற்கிறது. திறனுக்கு இதை ஏற்கிறேன்.

விரைபடையை ஏற்கவில்லை.

அனுப்பியவர்: பின்னல்

இடைநுழைவுக்கு நானும் ஆதரவு. ஓரப் பட்டையில் போட்டுப் பார்த்தேன், வெட்டுப்படாமல் முழுதாகத் தெரிகிறது.

அனுப்பியவர்: இரவாட்டம்

இடைநுழைவு சரி.

ஆனால் விரைபடை என்பதில் ஐயாவோடு நிற்கிறேன், வேறு காரணத்துக்காக. விரைபடை என்று படிக்கிற புதியவர் வேகத்தை மட்டும் பார்ப்பார். முதல் முறையிலேயே எட்டுக் கட்டம் ஓட்டிக்கொண்டுபோய் எதிரி நடுவில் நிறுத்துவார். மெலிவும் பெயரில் தெரிய வேண்டும். நொய்படை, மென்படை, எதுவானாலும் சரி. ஒரு படையின் பெயரே அதை எப்படிக் காப்பாற்றுவது என்று சொன்னால் பாதிப் பேர் தோற்க மாட்டார்கள்.

அனுப்பியவர்: கரும்பலகை

மென்படை என்று வைத்தால் யாரும் அதை வாங்கவே மாட்டார்கள். பெயரில் வேகம் இருக்கட்டும், மெலிவை விளக்க வரியில் சொல்லலாம்.

அனுப்பியவர்: அறுகோணம்

அனைவருக்கும் நன்றி. கோப்பில் இப்படிப் போடுகிறேன்:

திறன்: இடைநுழைவு. ‘இந்தப் படை எதிரிகளைக் கடந்து விரைந்து செல்லவல்லது; எதிரியின் கட்டுப்பாட்டு மண்டலம் இதைத் தடுக்காது.’

பொதுப்பெயர்: விரைபடை. ஸாரியனுக்கு விரைவேலர். இரவாட்டம் கேட்டதற்காகப் பொதுப்பெயரின் விளக்கத்தில் ‘அடி தாங்காதது, மந்திரவாதிக்கு எட்டும் இடத்தில் முறையை முடிக்க வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். விரைபடைக்கு இருவர் மறுப்பு என்பதையும் சொற்பட்டியலில் குறித்துவைக்கிறேன். அடுத்த பதிப்பில் மாற்ற வழியிருக்கிறது.

அனுப்பியவர்: ஏட்டுச்சுவடி

மறுப்பைக் குறித்ததற்கு நன்றி தம்பி. துனைபடை என்று என் பெயரிலேயே குறித்துவிடுங்கள்.

‘கட்டுப்பாட்டு மண்டலம்’ என்று ஆறு கட்டத்துக்குப் போட்டிருக்கிறீர்களே, அது யார் முடிவு செய்தது? இந்த இழையில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மண்டலம் என்றால் வட்டம், நாட்டுப்பகுதி. ஒருவன் கைக்கெட்டும் தூரத்துக்கு அவ்வளவு பெரிய சொல் எதற்கு? புடை இரண்டே எழுத்து. இரவாட்டமும் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டார். ‘எதிரியின் புடை இதைத் தடுக்காது’ என்று எழுதிப் பாருங்கள். வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.