இயற்பியல் ஆசிரியர் பயிலரங்குகளில் உங்களை இன்னும் உறுத்தும் ஒரு நிகழ்வு எது? புனைபெயரில் எழுதுங்கள்

ஊசல்:
கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேர்மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் எவ்வளவு? பயிலரங்கை நடத்திய கருத்தாளர் கை உயர்த்தச் சொன்னார். "சுழி" என்றதும் பல கைகள் எழுந்தன. என் பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியையின் கையும் அதில் ஒன்று. "இதைத்தான் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறீர்களா?" என்று சிரித்தார் கருத்தாளர். திரையில் 9.8 மீ/வி² என்று விடை வந்தது, அடுத்த படமும் வந்துவிட்டது. அந்த அம்மா மாலை வரை வாய் திறக்கவில்லை. ஏன் சுழி என்று நினைத்தீர்கள் என ஒருவராவது கேட்டிருக்கலாம். உச்சியில் திசைவேகம் சுழி என்பதிலிருந்துதான் அந்த விடைக்குப் போயிருப்பார்.

ஓம்விதி:
எங்களுடையது ஒரு மின்கலம், ஒரு கம்பி, ஒரு டார்ச் பல்பு. எரிய வைக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் பல்புக்குப் பதில் சிவப்பு எல்இடி! அதற்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் தேவை, கையில் இருந்ததோ 1.5 வோல்ட் கலம். எந்த மேசையிலும் ஒளி வரவில்லை. "கவனமாக இணையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார் கருத்தாளர். ஒருவர் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் போதாது என்று காட்டிய பிறகும் அதையேதான் சொன்னார்.

முப்பட்டகம்:
ஊசல் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரித்தது தவறுதான். ஆனால் பாடம் எடுப்பவருக்கே அந்த விடை தெரியாவிட்டால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? எனக்கு வாய்த்தது செம்புக் குழாயும் நியோடிமியம் காந்தமும். காந்தம் மெல்ல இறங்கியதைப் பார்த்துக் கைதட்டினோம், சுழல் மின்னோட்டம் (விழும் காந்தம் குழாயில் தூண்டி, தன்னையே தடுக்கும் மின்னோட்டம்) என்று ஒரு சொல்லோடு தேநீருக்கு அனுப்பிவிட்டார்கள். என் கதை அவ்வளவே.

பயிலரங்கு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாஸூர் 1991 முதல் செய்துவந்த முறையைப் பாருங்கள். கேள்வியைப் போடுங்கள், தனித்தனியே விடை தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள், பிறகு மறுபடி கேளுங்கள். அதற்குக் கீழே போனால் வாதம் பயன்படாது, கருத்தையே திரும்ப விளக்க வேண்டும். கை உயர்த்தச் சொல்லவே கூடாது, பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் பாதிக் கைகள் எழும். தேர்ந்தெடுத்த விடையின் அட்டையை மார்போடு வைத்துக் காட்டச் சொன்னால் போதும். செம்புக் குழாயிலும் இதே கதைதான். போடுவதற்கு முன் ஊகிக்கச் சொல்லுங்கள். காந்தம் செம்பில் ஒட்டாது என்பதை முதலில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீளவாக்கில் பிளந்த குழாய் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது, அதிலும் வேகம் குறையுமா என்று ஒரு சண்டை மூளும்.

ஆல்ஃபா:
உலர் பனிக்கட்டியின் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மேல் தட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, விளக்கை அணைத்து ஒரு டார்ச். கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறை செய்தவர்களுக்குத் தெரியும், முதலில் வெறும் தூறல்தான் தெரியும். திடீரென்று ஒரு நீண்ட நேர்க்கோடு குறுக்கே பாய்ந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்ற துகளாக இருக்கும் என்றார் கருத்தாளர். எங்கள் மேசையில் இருந்த ஒருவர், இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்ததை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். என்னை உறுத்துவது அதன் பிறகு நடந்ததுதான். உலர் பனிக்கட்டிக்குப் பள்ளியில் எங்கே போவது என்று அவர் கேட்டார். "காணொளி இருக்கிறதே" என்றார்கள்.

ஊசல்:
முப்பட்டகம் மேடம், விடையைச் சொல்லக் கூடாது என்று நான் எழுதவில்லை. முடுக்கமும் சுழியானால் பந்து அங்கேயே நின்றுவிடாதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மாவே சொல்லியிருப்பார். நீங்கள் சொல்லும் வாதாட்டமும் அதற்குத்தானே?

முப்பட்டகம்:
அதற்குத்தான். ஆனால் அவர் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஓம்விதி:
இரண்டு கலங்களைத் தொடராக இணைத்தால் எல்இடி எரியும், நடுவில் ஒரு மின்தடை வையுங்கள் என்று தனிச்செய்தியில் எழுதிய நண்பருக்கு: தெரியும் ஐயா. பல்பில் மின்சாரம் நுழைய ஓரிடமும் வெளியேற வேறோர் இடமும் இருப்பதைத் தடவிக் கண்டுபிடிப்பதுதான் அந்தச் செயல்பாடு. இரண்டு கால்களை நீட்டிக்கொண்டு நிற்கும் எல்இடியில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?