யோபுவுக்குக் கிடைத்தது பதிலா, மிரட்டலா?

கேள்விக்காரன்:
பைபிளில் உள்ள யோபு புத்தகத்தை மறுபடி முழுதாகப் படித்து முடித்தேன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன், உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்து ‘ஏன்?’ என்று கேட்கிறான். 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். என்ன பேசுகிறார்? ‘நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?’ செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நியாயம் கேட்டு வந்தவனிடம் பலத்தைக் காட்டுவதை மகத்துவம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

வானம்பாடி:
பலத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் மலையாட்டின் பிரசவம் அங்கே எதற்கு அண்ணா? அது குட்டி போடும் காலத்தைக் கேட்கிறார். காட்டுக்கழுதையின் கட்டை அவிழ்த்துவிட்டது யார் என்கிறார். இரைக்குக் கத்தும் காக்கைக் குஞ்சு, ஆள் நடமாட்டமே இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழை... ஜெயித்த ராஜா தன் பெருமையை இப்படியா பேசுவான்?

கடலைப் பற்றிய பகுதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாபிலோனியர் கதையில் மார்துக் என்ற தெய்வம், கடலின் உருவான தியாமத்தைக் கொன்று உடலைப் பிளந்துதான் உலகத்தைச் செய்கிறது. இங்கே கடல் கர்ப்பத்திலிருந்து வெளிவரும் குழந்தை. மேகம் அதற்கு உடுப்பு, காரிருள் அதைச் சுற்றிவைக்கும் துணி. எல்லை போடுகிறார், சரி. ஆனால் துணி சுற்றிய கையால் போடுகிறார்.

கேள்விக்காரன்:
அந்த இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சங்கீதம் 74 லிவியாதான் என்ற கடல் பூதத்தின் தலைகளை நசுக்கினவர் என்கிறது. ஏசாயா 27 அதன்மேல் பட்டயத்தை எடுக்கிறது. அவரும் இவர்தானே?

ஏட்டுச்சுவடி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். அந்தத் தலைகள் மிகப் பழையவை. சிரியாவில் ராஸ் ஷம்ராவில் 1929இல் தோண்டத் தொடங்கியபோது உகாரித் நகரத்தின் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஏழு தலைப் பாம்பு லோத்தானை, புயல் தெய்வமான பாகால் அடித்து வீழ்த்துகிறான். அதே பேச்சைத்தான் சங்கீதம் 74 எடுத்தாள்கிறது. ஆனால் அது ஆலயம் எரிந்துபோனபின் எழுந்த அழுகை: ‘அன்றைக்குச் செய்தீரே, இன்றைக்கு ஏன் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்?’ அதுவும் யோபுவின் குரலுக்கு அக்கம்பக்கம்தான்.

சங்கீதம் 104க்கு வந்தால் அதே லிவியாதான் கடலில் விளையாடுவதற்காக உண்டாக்கப்பட்டது. யோபு 41இலும் யாரும் அதைக் கொல்வதில்லை. அதன் செதில்கள் எவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன, தும்மினால் எப்படி ஒளி வீசுகிறது என்று ஒரு அதிகாரம் முழுக்கக் கர்த்தர் ரசித்துச் சொல்கிறார். எதிரியை யாரும் அப்படி வர்ணிக்கமாட்டார்கள்.

கேள்விக்காரன்:
நீங்கள் இரண்டு பேரும் விலங்குகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த 40 நாளும் நான் இந்தப் புத்தகத்தைத்தான் வைத்திருந்தேன். ‘சிருஷ்டி பெரியது, உனக்குப் புரியாது’ என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

வானம்பாடி:
போகத்தான் வேண்டும் அண்ணா. அம்மாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘நீ பாவம் செய்தாய், அதனால்தான் இந்தத் துன்பம்’ என்று கர்த்தர் பேசும் அந்த நான்கு அதிகாரத்திலும் (38–41) ஒரு வரி இல்லை. அதைச் சொன்னவர்கள் யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதர்கள். 42:7இல் கர்த்தர் அவர்கள்மேல்தான் கோபப்படுகிறார்: ‘என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.’ தம்மை நேருக்கு நேர் குற்றம்சாட்டிக் கத்தியவன் பேச்சு சரி, தமக்காக வக்காலத்து வாங்கியவர்கள் பேச்சு தப்பு என்கிறார். வெறும் பலசாலி ஒருவன் அந்தத் தீர்ப்பைக் கொடுப்பானா?

கேள்விக்காரன்:
42:7ஐ இத்தனை நாளும் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். நீங்கள் சொன்னபிறகு இரண்டு தடவை படித்தேன். மிரட்டல் என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தங்கச்சி.

ஆனாலும் ஏழு வசனம் தள்ளிப் பாருங்கள். பிற்பாடு பிறந்த மூன்று மகள்களுக்குப் பெயர் இருக்கிறது: எமிமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். வீடு இடிந்து செத்த முதல் பத்துப் பேரில் ஒருவர் பெயர்கூட எழுதப்படவில்லை. என் கேள்வி இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறது.