புதுப்பிப்பு: ‘போடு’ மெல்ல ‘போடுங்க’ ஆகிறது

ஜூனில் எழுதியிருந்தேன்: கோத்தகிரி பக்கம் என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதலமைச்சரின் காலை உணவுத் திட்ட வரிசையில் இடித்துக்கொண்டு, பரிமாறும் அக்காவிடம் ‘போடு, போடு’ என்று கத்துகிறார்கள், என்ன செய்யலாம் என்று. திட்டாமல் நடித்துக் காட்டச் சொன்னீர்கள்.

முதலில் ‘ப்ளீஸ்’, ‘தேங்க்யூ’ சொல்லிக்கொடுத்தேன். பாட்டு மாதிரி ஒப்பித்தார்கள்; வரிசையில் மறுபடி ‘போடு’தான். அப்புறம்தான் உறைத்தது: தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஒரு ‘ங்க’ போதும். தட்டும் கரண்டியுமாக வகுப்பில் விளையாடினோம், ஆளுக்கொரு நாள் பரிமாறும் அக்கா. ‘போடு’ என்று கேட்டபோது அவர்களுக்கே முகம் சுருங்கியது. தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், இந்தியிலும் ‘தோ’ (கொடு), ‘தீஜியே’ (கொடுங்க) என்று இரண்டு உண்டு என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நானும் பிள்ளைகளை ‘வாங்க, உட்காருங்க’ என்றே அழைக்கிறேன். அதிகம் பலன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இடிப்பது இன்னும் நிற்கவில்லை. மழைக்குளிரில் சூடான உப்புமா வாசனை வந்தால் வரிசை உடைந்துவிடுகிறது. ஆனால் நேற்று ஒரு குட்டிப்பெண் ‘அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டாள். அக்கா கரண்டியை வைத்துவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டார்.