பட்டாம்பாங்கில் எதிர்வீட்டு யெய்யும் நாங்களும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஊழிய இடங்களில் சந்தித்த மனிதர்களைப் பற்றி ஒவ்வொருவரும் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன். கம்போடியாவில் ஒரு நாள் எப்படிப் போகும், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டு சகோதரிகள் என்னிடம் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றியதாகிவிட்டது. பரவாயில்லை, எங்கள் நாட்கள் அவரைச் சுற்றித்தான் ஓடின.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம். கம்போடியாவின் பட்டாம்பாங் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே, சங்கேர் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தில் வீடு எடுத்தபோது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. கால்கள் மேல் நிற்கும் மரவீடு. மேலே தூங்குவோம், பகல் முழுக்க வாழ்க்கை கீழேதான். தூணுக்குத் தூண் தூளி ஊஞ்சல், ஒரு மரப்பலகைக் கட்டில், ஓரத்தில் மழைநீர் பிடிக்கும் பெரிய மண்சாடிகள். ரோட்டில் போகிற யாருக்கும் நாம் சமைப்பதும் சாப்பிடுவதும் தெரியும். முதல் மாதம் அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு புரிந்தது, இந்த ஊரில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதே இப்படித்தான் என்று.

காலை நாலரைக்கெல்லாம் ஊர் விழித்துவிடும். எங்காவது கல்யாணம் என்றால் அதற்கும் முன்பே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ரோட்டை அடைத்துப் பந்தல், சாப்பாடு, வாசலில் கவர் வாங்க ஒரு ஆள். அந்தக் கவர் நம் மொய்யேதான். யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள், திருப்பிச் செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு மணிக்குச் சந்தை. எண்களைச் சந்தையில்தான் கற்றுக்கொண்டேன். இங்கே பேசும் கெமர் மொழியில் ஐந்துக்கு மேல் ஒன்பது வரை புது எண் கிடையாது. ஆறு என்றால் ஐந்து-ஒன்று, ஏழு என்றால் ஐந்து-இரண்டு. ஒரு டாலருக்கு ஏறக்குறைய நாலாயிரம் ரியெல் (இந்த நாட்டுப் பணம்), இரண்டும் கலந்துதான் புழங்கும். டாலர் நோட்டில் நுனி கிழிந்திருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். மீன்காரம்மாவை ‘மிங்’ என்று கூப்பிட வேண்டும், அதாவது சித்தி. நம்மைவிட மூத்தவர் ‘போங்’, அப்பா அம்மாவைவிட மூத்தவர் ‘ஓம்’, தாத்தா ‘தா’, பாட்டி ‘யெய்’. உறவுப்பெயர் வைக்காமல் பேச்சையே தொடங்க முடியாது. அத்தை, அண்ணாச்சி என்று வளர்ந்த எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எதிரே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் நம் ஊர்க் கேள்விதான்: ‘ஞாம் பாய் ஹாய் நௌ?’ சோறு சாப்பிட்டாச்சா?

மொழியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு மெய்யெழுத்துக்குக் கீழே தொங்கும் இன்னொரு மெய்யை ‘ஜ்யெங்’ என்பார்கள், அதாவது கால். வீட்டில் தமிழ் எழுதப் பழகிக்கொண்டிருந்த மகன், “அம்மா, நம்ம துணைக்கால் மாதிரியே இவங்களும் கால்னு சொல்றாங்க” என்று ஓடி வந்தான். அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்திலிருந்து சிரித்துக்கொண்டு வந்தான். அதற்கு முன்பு ஏறக்குறைய நான்கு மாதம் தினமும் அழுகைதான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்: பெரியவர்களுக்கு அழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பிள்ளைகள் நம்மை நம்பி வந்தவர்கள். அவர்களுடைய தனிமையை ஜெபக்குறிப்பாக மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கணவர் நகரத்தில் இளைஞர்களுக்கு பைக் மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுக்கிறார். வீடு வீடாகப் போய் மதம் சொல்லக் கூடாது என்று 2007-இல் அரசு உத்தரவு வந்தது. அதை மதித்துத்தான் இருக்கிறோம். சபையை நடத்துகிறவர் கெமர் போதகர். நாங்கள் அவருக்குக் கீழேதான் உதவி செய்கிறோம், அதுதான் சரி என்று நினைக்கிறேன். இந்த மண்ணில் சுவிசேஷத்தின் கதை நீளமானது. 1550-களில் கஸ்பார் த குரூஸ் என்ற போர்த்துகீசியத் துறவி வந்து, ஒரே ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அவரையும் கல்லறையில் விட்டுவிட்டுத் திரும்பினார். 1923-இல் வந்த மிஷனெரிகளில் எலிசன் குடும்பம் இதே பட்டாம்பாங்கில் வேலை செய்தது. ஹாமண்ட் குடும்பம் வேதாகம மொழிபெயர்ப்பில் இறங்கியது. முழு வேதாகமம் 1954-இல் வந்தது. 1975 ஏப்ரல் 17-க்குப் பிறகு பொல் பொத் தலைமையிலான கெமர் ரூஷ் கம்யூனிஸ்ட் ஆட்சியில் விசுவாசிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது நாட்டை விட்டு ஓடினார்கள். 1990-இல்தான் மறுபடியும் வெளிப்படையாக ஆராதிக்க அனுமதி கிடைத்தது. எங்கள் சபையில் வெள்ளை முடியோடு உட்கார்ந்திருக்கிற நான்கைந்து பேரைப் பார்க்கும்போது இதெல்லாம் எனக்கு வெறும் வருடங்களாகத் தெரிவதில்லை.

பிக்குகளோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். மரியாதையோடுதான். அவர்கள் காலையில் பிச்சைக்கு வரும்போது நாங்கள் காணிக்கை வைப்பதில்லை, ஆனால் எழுந்து நிற்போம், கைகூப்புவோம். கைகூப்புவதிலும் படிகள் உண்டு: சமவயதுக்காரருக்கு நெஞ்சருகே, பெரியவர்களுக்கு வாயருகே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கருகே, பிக்குகளுக்குப் புருவம் வரை. ‘சாப்பிடு’ என்ற சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். சாதாரணமாக ‘ஞாம்’, பிக்குகளுக்கு ‘சான்’, ராஜாவுக்கு ‘சோய்’. ஒருநாள் ஒரு வயதான பிக்குவிடம் நான் ‘ஞாம்’ சொல்லிவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மட்டும் அமைதியாகச் சரியான சொல்லை இரண்டுமுறை சொல்லித்தந்தார். அந்தப் பொறுமையை நான் மறக்கவில்லை.

அப்புறம், யெய். எதிர்வீட்டில் ஒரு பேத்தியோடு இருந்தார். மொட்டையடித்த தலை, தோளில் எப்போதும் ஒரு கட்டம் போட்ட க்ரமா துண்டு. முதல் வாரமே ஒரு டப்பாவில் ப்ரஹொக் கொண்டுவந்தார். நொதித்த மீன், உப்பு போட்டுப் பல மாதம் வைப்பது. வீடெல்லாம் வாசனை. கருவாடு தின்று வளர்ந்தவள் நான், இரண்டாம் நாளே சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். வாசலில் நின்று அதைப் பார்த்தவர், அன்றிலிருந்து எங்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல். ‘க்யல்’ பிடித்துவிட்டது, அதாவது காற்று, என்று சொல்லி யெய் தைலம் தடவி நாணயத்தால் அவள் முதுகைச் சுரண்டினார். நீள நீளமாகச் சிவப்புக் கோடுகள். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று இரவே கிளினிக்குக்கு ஓடினோம். டெங்கு. நான்கு நாள் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. கையைத் தட்டிவிட்ட என்மேல் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் நான்கு இரவும் கிளினிக் தாழ்வாரத்தில் ஊஞ்சல் கட்டிக்கொண்டு படுத்திருந்தார், பையில் அரிசிக் கஞ்சியோடு. ‘சௌ, சௌ’ என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சௌ என்றால் பேரப்பிள்ளை. நாங்கள் மகளின் தலைமாட்டில் ஜெபித்தோம். அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார். ஐந்தாம் நாள் அவள் தண்ணீர் கேட்டபோது முதலில் அழுதது யெய்தான்.

அதற்குப் பிறகுதான் நான் துணிந்து அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினேன். முழுவதும் கேட்டார். தலையாட்டினார். நல்லது என்றார். கெமர் மக்கள் எதிரே இருப்பவர் மனம் நோகப் பேசமாட்டார்கள். தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஊருக்கு அறிக்கை எழுதுகிற தவறை நான் செய்யவில்லை. அதற்காக தேவனுக்கு நன்றி.

அந்த வருடம் பிச்சும் பென் வந்தது, முன்னோர்களுக்குச் சோறு வைக்கும் பண்டிகை. பதினைந்து நாள். நம் ஊரில் மகாளய பட்சம் வரும் அதே தேய்பிறைதான் பெரும்பாலும். பென் என்ற சொல்லும் பிண்டம்தான். ஏழு தலைமுறை முன்னோர்கள் பசியோடு வருவார்கள் என்று, விடியுமுன் இருட்டில் பகோடாவை, அதாவது புத்த கோவிலை, சுற்றி எள் கலந்த சோற்று உருண்டைகளை வீசுவார்கள். முதல்நாள் மாலை யெய் வாழையிலையில் அன்சோம் கட்டிக்கொண்டிருந்தார். ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றிக்கறி. நானும் உட்கார்ந்து கட்டினேன். அப்போது, இலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், என்னை ‘நெயக் க்ரூ’ (டீச்சர்) என்று கூப்பிட்டுச் சொன்னார்: “நெயக் க்ரூ, உன் தேவன் நல்லவர். உன் பிள்ளையைக் கொடுத்தார். ஆனால் நான் அங்கே வந்துவிட்டால் என் ஆட்களுக்கு யார் சோறு கொண்டுபோவார்கள்? அவர்கள் சோறில்லாமல் செத்தவர்கள்.”

பொல் பொத் காலத்தில் யெய்யின் கணவரும் பிள்ளைகளில் சிலரும் பசியில் போனார்கள் என்று பேத்தி சொல்லித் தெரியும். எங்கே புதைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வேதப்பாடசாலையில் இதற்குப் பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பதிலை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கும் கண்ணீர்தான் வந்தது. இரண்டு பேரும் இருட்டும்வரை இலை கட்டினோம். விடியற்காலையில் அவர் பகோடாவுக்குப் போனார், நான் போகவில்லை. எங்கள் விசுவாசத்தில் அது முடியாது, அதை அவரிடம் மறைக்கவும் இல்லை. “தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் போதகரிடம் இதைக் கொண்டுபோனேன். அவருக்கு இது புதிதல்ல. சபையில் முதலில் வந்த ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியில் நின்றவர்கள்தான். பெற்றோரைக் கனம்பண்ணுவாயாக என்ற கட்டளையை வைத்து, அடுத்த வருடம் பிச்சும் பென் நாட்களில் ஒரு கூடுகை வைத்தார். உயிரோடிருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடும் புதுத் துணியும். இறந்தவர்களுக்காக வேண்டுதல் இல்லை. அவர்களைத் தந்ததற்காக நன்றி சொல்வது, அவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்வது. இது பழைய வழக்கத்தோடு சமரசம் ஆகிவிடுமோ என்று சிலர் தயங்கினார்கள். எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது, இப்போது இல்லை.

யெய்யைக் கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. பேத்தியின் பைக்கில் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கடைசி வரிசையில் பாயில் கால்களை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்தார். பெயர் சொல்லும் நேரம் வந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர் முறை வந்தபோது அமைதி. க்ரமாவால் வாயை மூடிக்கொண்டிருந்தார். போதகர் காத்திருந்தார். பிறகு மெல்லிய குரலில் நான்கு பெயர்கள் சொன்னார். கடைசிப் பெயருக்குப் பின்னால், “இரண்டு வயது” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயர்களில் ஒன்றை அவளும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

இன்றுவரை யெய் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பகோடாவுக்கும் போகிறார். அந்தக் கூடுகைக்கும் ஒவ்வொரு வருடமும் வருகிறார். போன மாதம் முழங்கால் வலி அதிகமாகி வீட்டுக்குள்ளேயே இருந்ததால், காலையில் அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்டார், சோறு சாப்பிட்டாச்சா என்று. மகள் தட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது.