மேட்டுப்பாளையம் வெயிலும் என் சீத்காரி மூச்சுப் பயிற்சியும்

எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. வாரத்தில் மூன்று நாள் கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். தூரம் என்னவோ முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலிருந்து 300 மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் குஞ்சப்பனை தாண்டும்போதே முகத்தில் வெக்கை அடிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றுவது அங்கேதான்.

வெயிலைவிட என்னை வாட்டியது கோபம். லோடு இறக்கக் காத்திருக்கும்போது தலை விண்விண்ணென்று தெறிக்கும். போன கோடையில் ஒருநாள் மூட்டை இறக்க வந்த பெரியவரிடம் காரணமே இல்லாமல் கத்திவிட்டேன். அப்பா வயதிருக்கும். ஒன்றும் பேசாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

எங்கள் தெருவில் யோகா சொல்லித்தரும் டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நாக்கைச் சுருட்ட வருமா கண்ணு?" என்றார். நாக்கைக் குழல் மாதிரி மடித்து, அதன் வழியே மெல்ல மூச்சை இழுத்து, வாயை மூடி, மூக்கு வழியாக இன்னும் நிதானமாக விடுவது சீதளி. எனக்கு நாக்கு மடியவில்லை. நிறையப் பேருக்கு மடியாதாம். சரி, பல்லைச் சேர்த்து, அந்த இடுக்கு வழியே 'ஸ்ஸ்' என்று இழு என்றார். அது சீத்காரி. நாக்கு ஈரத்தின் மேல் காற்று போவதால் வாய்க்குள் சில்லென்று இருக்கிறது.

ஆர்வத்தில் மறுநாள் விடியற்காலை, பனி மூடிய மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தேன். இரண்டே நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. டீச்சரம்மா நன்றாகத் திட்டினார். ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் சொல்லும் எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சுப் பயிற்சிகளில், சீதளியும் சீத்காரியும் குளிர்ச்சிக்கு, வலது மூக்கால் இழுக்கும் சூரியபேதனம் சூட்டுக்கு. மலையில் சூரியபேதனம், கீழே சீத்காரி என்று பிரித்துக் கொடுத்தார்.

மண்டிக்குள்ளும் செய்யக் கூடாது. சாக்குத் தூசியை மூக்கு வடிகட்டும், வாய் வடிகட்டாது. அதனால் இப்போது ஏலம் முடிந்ததும் பவானி ஆற்றோரம் நிழலில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, பத்து மூச்சு. தலைவலி குறைந்திருக்கிறது. வெயிலில் மயக்கம் வந்தால் இதை நம்பி உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் கொடைக்கானல். வத்தலக்குண்டில் கடை வைத்திருக்கிறேன், இதே ஏற்ற இறக்கம்தான். என் அம்மாவுக்கு லோ பிரஷர். சீதளி செய்தபோது கிறுகிறுவென்று வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மாஸ்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது அம்மா சாதாரணமாக மூக்கால் இழுத்து, விடுவதை மட்டும் நீட்டுகிறார். அதிலேயே படபடப்பு அடங்குகிறது என்கிறார். சரி, அந்தப் பெரியவரிடம் அப்புறம் பேசினீர்களா?

*

அம்மாவுக்கு மாஸ்டர் சொன்னதே சரிங்க. பெரியவரிடம் மறுவாரமே மன்னிப்புக் கேட்டேன். "வெயில் தம்பி, எல்லாருக்கும் ஏறும்" என்றார். இப்போது ஆற்றோரத்துக்கு அவரும் வருகிறார். அவருக்கு நாக்கு அழகாக மடிகிறது.